அபோண்டி வீட்டு ஒசூரி

ரபூடோ கூரையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஏறும்போது அப்படி ஒரு நினைப்பே அவருக்கு இல்லை. சத்தம் தாங்காமல்தான் ஏறினார். பாதி ஆயுளைப் பருத்தி அரவை ஆலையில் கழித்தவர் அவர். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேச்சை விட்டவர், வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி போய்ச் சேர்ந்தாள். மகளை அலேகோ பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. காலையில் கள்ளி வேலியோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால், ஏரி மேல் வெயில் வெளுக்கிற வரைக்கும் அப்படியே இருப்பார். வழியில் போகிறவர்களுக்குத் தலையை அசைப்பார். பதிலுக்குத் தலையை அசைத்துவிட்டுப் போகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். நின்று நலம் விசாரிப்பவர்களைக் கண்டால் கள்ளிக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அபோண்டியின் வீடு. அவருடைய பெரியப்பா மகன் ஒபுயாவின் மனைவி. ஒபுயா இறந்து நாலைந்து மழைக்காலம் ஆகிறது. உயோமாவிலிருந்து வாழ வந்தவள் என்பதால் ஊருக்கு அவள் உயோமாக்காரி. கோழியோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், குடத்தில் தண்ணீர் குறைந்தால் குடத்தை நிறுத்தி வைத்து விசாரிப்பாள். ரபூடோ அதையெல்லாம் மழைச் சத்தம்போல ஏற்றுக்கொண்டு விட்டார். ஆனால் மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் மகன் ஒரு ரேடியோவை அனுப்பி வைத்தான். அந்த ரேடியோ எந்த ஊரையும் எடுக்கவில்லை. கழுத்தில் கத்தி வைத்த சேவல் மாதிரி காலையும் மாலையும் கத்தியது. அதை அடக்க அவள் அதற்கு மேல் கத்தினாள்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ரபூடோ வேலியைச் சுற்றி அவள் வாசலுக்குப் போனார்.

"வாங்க கொழுந்தனாரே! வழி தவறிட்டீங்களா? இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் பக்கத்துல ஒரு வீடு இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

ரபூடோ ரேடியோவைக் காட்டினார். "ஏரியல்" என்றார்.

"என்னது?"

"ஏரியல் வேணும். ஒசரத்துல."

"ஆத்தாடி, ஒரே நாள்ல இவ்வளவு பேச்சா! மூச்சு வாங்கப் போகுது, உக்காருங்க, தண்ணி தரேன்."

அவர் உட்காரவில்லை. தன் வீட்டுக்குப் போய் நேரான யூகலிப்டஸ் கழி ஒன்றையும், கொஞ்சம் செம்புக் கம்பியையும், ஏணியையும் எடுத்து வந்தார்.

கூரை நைந்து போயிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் புல் பொதபொதவென்று உள்வாங்கியது. ஒரு இடத்தில் புல்லே இல்லை. குனிந்தபோது வீட்டின் உள்பக்கம் தெரிந்தது. தரையெல்லாம் சட்டி, பானை, அலுமினிய ஏனம். கட்டில் மேல்கூட ஒரு சட்டி. நேற்றைய மழைத் தண்ணீர் அதில் பாதிக்கு நின்றது. மூலையில் காய்ந்த இடமாகப் பார்த்து ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது போலிருக்கவே அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கழியைக் கட்ட உறுதியான இடம் ஒன்றும் அகப்படவில்லை. இங்கே கட்டினால் சாய்ந்தது, அங்கே கட்டினால் வழுக்கியது. கடைசியில் உச்சிக்கே போய்விட்டார். அங்கே அவருக்காகவே செய்து வைத்தது போல ஒரு குழி இருந்தது. கழி அதில் கச்சிதமாக இறங்கி நின்றது. கம்பியைச் சுற்றி, முனையைக் கீழே விட்டு, அபோண்டியை ரேடியோவில் மாட்டச் சொன்னார். கத்தல் நின்றது. ஒரு ஆள் தணிந்த குரலில் பருத்தி விலையைப் படித்தான். யாரோ காதிலிருந்து முள்ளைப் பிடுங்கியது போல இருந்தது ரபூடோவுக்கு. கழியைப் பிடித்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி, அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார். எங்கே நிற்கிறோம் என்பதை மறந்தார்.

அப்போதுதான் கீழே வழியிலிருந்து குலவை கேட்டது.

ஒமேனா மீன்காரி அக்கேலோ, தலையில் கூடையோடு நின்று, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுக்கொண்டிருந்தாள். "ஏய் உயோமாக்காரி! ஒரு வார்த்தை சொல்லலையேடி! பட்டப்பகல்ல ஒசூரி வெக்கிறாங்க! அதுவும் யாரு, இந்த ஊமைக்கோட்டானா!"

ரபூடோ கையிலிருந்த கழியைப் பார்த்தார். கழி நின்ற குழியைப் பார்த்தார். ஒபுயாவை அடக்கம் செய்த அன்று அந்தக் குழியிலிருந்துதான் அவன் ஒசூரியை முறித்துப் போட்டார்கள். முறித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ரபூடோதான்.

ஒசூரி என்றால் கூரையின் உச்சியில் நிற்கிற கழிதான். வேறு ஊர்க்காரன் பார்த்தால் கூரை வேய்ந்தவன் மிச்சக் கழியை வெட்டாமல் விட்டுவிட்டான் என்று நினைப்பான். இங்கே அது பேசும். இந்த வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை உண்டு, உயிரோடு உண்டு என்று சொல்லும். நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவனிடம் ஊர் "ஒசூரி நிக்குதா?" என்றுதான் கேட்கும். மனைவியிடம் தோற்றவனை "அவனுக்கு ஒசூரி சாஞ்சுருச்சு" என்பார்கள். ஆள் செத்தால் முறிப்பார்கள். அதற்குப் பிறகு அது மொட்டை வீடு. மொட்டை வீட்டில் சொந்தக்காரன் ஒருவன் ஏறிக் கழி வைத்தால் அவன்தான் இனி அந்த வீட்டு ஆண். வேறு சாட்சி வேண்டியதில்லை. கூரை உச்சியில் வைத்ததை ஊரே பார்த்திருக்கும்.

"இது…" என்றார் ரபூடோ மேலிருந்து.

"எது?" என்றாள் அக்கேலோ.

"இது வந்து…"

அவர் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அக்கேலோ சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு அவள் கூடையில் மீனைவிட அந்தச் சேதிதான் சீக்கிரம் விற்றது.

அபோண்டி வாசலில் நின்று கழியை அண்ணாந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏணியில் தட்டுத்தடுமாறி இறங்குகிற ரபூடோவைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. முந்தானைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் கூரையைப் பார்ப்பதும், ரபூடோவின் கையைப் பிடித்துக் குலுக்குவதும்.

"நல்லா நிமிந்து நிக்குதுண்ணே. கண்ணு பட்டுரும்."

"அது ஏரியல்" என்றார் ரபூடோ.

"ஏரியல்! எங்கப்பனும் சின்னம்மா வீட்டுல ஏரியல்தான் வெச்சாரு. அதுல எங்களுக்கு அஞ்சு தம்பிங்க."

சாயங்காலம் ஒலாங் வந்தான். ஒரு வகையில் சொந்தம்தான். அந்த வட்டாரத்தில் கூரை வேய்கிறவர்களில் கைகாரன் அவன்தான். அவன் கை படாத கூரை ஒழுகும் என்பார்கள். அதை அவனும் சொல்வான். மொட்டை வீட்டுக்குக் கூரை வேய வேண்டுமானால் கீழே ஒரு ஆண் நிற்க வேண்டும் என்பது வழக்கம். ஒலாங்குக்கு அது நல்ல வசதி. ஆள் இல்லையா, கவலையை விடு, மேலேயும் நானே, கீழேயும் நானே என்பான். அப்படி இரண்டு வீட்டில் அவன் ஒசூரி நிற்கிறது. மூன்றாவதாக அபோண்டி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஊருல வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று வாசலிலேயே கேட்டான். "எத்தன சேவல் கொண்டாந்து குடுத்திருக்கேன் இந்த வீட்டுக்கு!"

"கொண்டாந்த சேவலையெல்லாம் உக்காந்து நீயேதான் தின்னுட்டுப் போன" என்றாள் அபோண்டி. "எனக்குக் கழுத்துதான் மிச்சம்."

"நல்ல எண்ணத்துல தின்னேன்!" ஒலாங் கூரையை அண்ணாந்து பார்த்தான். அவன் தொழில்காரன், மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்தான். "அது என்ன கம்பி?"

கம்பியின் வழியே கண்ணை இறக்கிக்கொண்டு வந்தான்.

"கம்பி தொங்குது. கம்பி உள்ள போகுது. இது ஒசூரி இல்ல. இது ரேடியோக் குச்சி!" அவன் முகம் மலர்ந்தது. "பெரியவர்கிட்டப் போறேன். பிடுங்க வெக்கிறேன்."

ரபூடோவுக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரிலேயே உண்மையைப் பேசுகிற ஒரே மனிதன் ஒலாங் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனாலும் பெரியவர், பஞ்சாயத்து என்று போனால் பேச வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க ஒரே வழி, அதற்கு முன்னாலேயே கழியை எடுத்துவிடுவது. மறுநாள் விடிந்ததும் ஏணியைச் சாத்தி ஏறினார். கழியில் கை வைத்தார்.

"கையை எடுடா!"

கீழே பெரியவர் அபூட்டோ நின்றார். இந்த வம்சத்துக்கு மூத்தவர். எலும்பும் குரலும் மட்டும் மிஞ்சிய மனிதர். பின்னால் ஒலாங், அவன் பின்னால் ஊர்.

"பிடுங்கினேன்னு வெச்சுக்க, நீ செத்தவன்" என்றார் அபூட்டோ.

"நான் இங்கதான இருக்கேன்" என்றார் ரபூடோ.

"அது உனக்குத் தெரியும். கூரைக்குத் தெரியுமா? ஒசூரி போச்சுன்னா ஆள் போயாச்சு. நாங்க அழணும். அழுதா மாடு வெட்டணும். வெட்டினதைத் திங்கணும். தின்னு கை கழுவினதுக்கு அப்புறம் நீ பாட்டுக்கு வழியில எதுக்க வந்தீன்னா, பொம்பளைங்க கல்லெடுத்து வீசுவாங்க."

"எந்த மாடு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"அவரோட செவலைக் காளைதான். நல்ல கொழுப்பு."

"அது ஊருக்கே காணுமே."

பேச்சு திரும்பிய திசை ரபூடோவுக்குப் பிடிக்கவில்லை. சிலர் ஏற்கெனவே காளை கட்டியிருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒசூரி இல்லைன்னா?" என்று ஒலாங் விடாமல் கேட்டான். "வெறும் ரேடியோக் குச்சின்னா?"

"ரேடியோக் குச்சின்னா பிடுங்கலாம். குத்தமில்ல" என்றார் அபூட்டோ. "வெச்சவன் வாயால சொல்லணும். நாளைக்குக் காலைல இதே வாசல்ல. ரபூடோ, வார்த்தையை இப்பவே தேட ஆரம்பி. உனக்கு நேரம் ஆகும்."

அன்று சாயங்காலம் வேலியோரம் முக்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது, கள்ளிக்கு அந்தப் பக்கம் அபோண்டி வந்து நின்றாள். ரேடியோவைத் தணித்து வைத்திருந்தாள். குரலையும் தணித்தாள், அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்பதே அவருக்குப் புதுச் செய்தி.

"கொழுந்தனாரே, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

அவர் தலையை அசைத்தார்.

"எனக்கு ஒரு ஆம்பளை வேணும்னு இல்ல. ஒபுயாவே போதும் போதும்னு ஆக்கிட்டுத்தான் போனாரு. எனக்குக் கூரை வேணும். அந்தக் கழி நிக்கிற வரைக்கும் என் வீட்டுக்குக் கூரை வேய மாட்டேன்னு எவனும் சொல்ல முடியாது. ஒலாங்கும் சேவலைத் தூக்கிக்கிட்டு வர முடியாது."

"ம்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பெரியவர் கேக்கும்போது சும்மா இருந்தாப் போதும். பதில் வரலைன்னா ஆமான்னு எடுத்துக்குவாரு. சும்மா இருக்கறது உங்களுக்குப் பழகின வேலைதான?"

ரபூடோ ஒன்றும் சொல்லவில்லை.

"பாருங்க, எவ்வளவு நல்லா வருது உங்களுக்கு" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "ஏரியல்னு சொன்னாலும் சொல்லுங்க. அது நெசம்தான். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வீட்டுல இன்னும் ரெண்டு சட்டி மிச்சம் இருக்கு."

அவள் போன பிறகு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உயோமாவில் அவளுக்கு எத்தனை அண்ணன் தம்பிகள் என்று எண்ண முயன்று பயந்து நிறுத்தினார். அத்தனை பேர் வீட்டுச் சாவுக்கும் போக வேண்டும். போனால் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். வழியில் போகிறவர்கள் இனிமேல் தலையை அசைத்துவிட்டுப் போக மாட்டார்கள், "வீட்டுல எப்படி?" என்பார்கள். எந்த வீட்டில் என்று திருப்பிக் கேட்க முடியாது. ஆலையை விட்டு வந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த அமைதி, மடியிலிருந்து கொட்டுவது போல ஒரே நாளில் போய்விடும். ஒரே ஒரு உண்மையான வார்த்தையைச் சொன்னால் அது மிஞ்சும். ஏரியல்.

மறுநாள் அபோண்டியின் வாசலில் மொத்த ஊரும் கழுத்தைப் பின்னால் சாய்த்து நின்றது. ஒலாங் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான்.

"கம்பி இருக்கா? இருக்கு. கம்பி எங்க போகுது? ரேடியோவுக்கு. எங்கப்பன் ஒசூரிக்குக் கம்பி இருந்துச்சா? உங்கப்பன் ஒசூரிக்கு இருந்துச்சா?"

"இது இந்தக் காலத்து ஒசூரிடா" என்றாள் அக்கேலோ. "செய்தியெல்லாம் சொல்லும். உன்னோடது ரெண்டும் சேவல் எங்கன்னுதான் சொல்லும்."

சிரிப்பு அடங்கியதும் அபூட்டோ ரபூடோவின் பக்கம் திரும்பினார். "சொல்லு. என்ன அது?"

ரபூடோ பேசவில்லை.

ஊர் காத்திருந்தது. அவர் மௌனத்தின் நீளம் ஊருக்குத் தெரியும் என்பதால் சிலர் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு கோழி கூட்டத்தின் நடுவே வந்து, எல்லோரையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. அபோண்டி கூரையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. காலடி மண்ணைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் போதும் என்பது ரபூடோவுக்குத் தெரிந்தது. தீர்ப்புச் சொல்ல அபூட்டோவின் தாடை அசையத் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் இத்தனை வருஷமும் பேசாமல் இருந்தது எதையும் மறைக்க அல்ல. ஒரு பொய்கூட ஒட்டாமல் அவர் வைத்திருந்த ஒரே பொருள் அந்த மௌனம்தான். அதை இன்றைக்குப் பொய் சொல்லும் வேலைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அழுக்குப் படுவதானால் வாயில் படட்டும். அது எப்படியும் சும்மாதான் கிடக்கிறது.

"ஏரியல் கட்டத்தான் ஏறினேன்" என்றார்.

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. ஒலாங் இரண்டு கையையும் விரித்து வானத்துக்கு நன்றி சொன்னான். அபோண்டி வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

"ஏறினப்போ உள்ள தெரிஞ்சுது" என்று ரபூடோ தொடர்ந்தார். அவர் தொடர்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். "கட்டில் மேல சட்டி வெச்சிருக்கா. ஒபுயா படுத்த கட்டில். சட்டி கட்டில்ல, அவ தரையில."

நிறுத்தினார். கழியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறுறப்போ அது ஏரியல். இப்ப ஒசூரி. என்னோடது."

"அப்படி நடுவுல மாத்த முடியுமா?" என்று ஒலாங் கூவினான்.

"கழி அவனோடது, வாய் அவனோடது" என்றார் அபூட்டோ. "உனக்கென்னடா?"

"இன்னொண்ணு" என்றார் ரபூடோ. வியர்த்திருந்தது. "வீடு அவளோடது. நான் என் வீட்டுலதான் தூங்குவேன்."

"அதெப்படி? ஒசூரி இங்க, ஆள் அங்கயா?"

"எனக்குச் சம்மதம்" என்றாள் அபோண்டி.

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. அதான் நானே சொல்றேன். கூரையைப் பத்தி மூணு நாளா பேசறீங்க, அடியில இருக்கறவளை ஒருத்தர் கேக்கணுமா இல்லையா?"

அபூட்டோ அவளைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். நின்று நின்று கழுத்து வலித்திருக்க வேண்டும். "எவன் எங்க தூங்கினா எனக்கென்ன" என்றார். "ஒசூரி நிக்குது. வீட்டுக்கு ஆள் இருக்கு. பெருமழைக்கு முந்திக் கூரை வேயணும். ஒலாங், புல்லு வெட்டு."

புல் வந்தது. வேய்கிற நாளும் வந்தது. அன்று காலையில்தான் யாரும் யோசிக்காத ஒன்று அபூட்டோவுக்குத் தோன்றியது. பழைய புல்லை இறக்க வேண்டுமானால் ஒசூரியை எடுத்தாக வேண்டும். புதுக்கூரை உச்சி வரைக்கும் ஏறிய பிறகுதான் திரும்ப வைக்க முடியும். அதுவரை அது எங்கே இருக்கும்?

"தரையில படுக்க வெச்சா நீ படுத்த மாதிரி" என்றார் அபூட்டோ. "சுவத்துல சாத்தினா சாஞ்ச மாதிரி. கையில பிடிச்சுக்க. நிமித்திப் பிடிச்சுக்க. சாயங்காலம் வரைக்கும் சாயக் கூடாது."

ஆகவே ரபூடோ வாசல் நடுவில், தன்னைவிட உயரமான கழியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரை மேல் ஒலாங். ஒலாங் அன்றைக்குப் போல அவ்வளவு அக்கறையாக என்றைக்கும் வேலை செய்ததில்லை. ஒவ்வொரு புல்லுக்கட்டையும் கட்டி, அவிழ்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மறுபடி கட்டினான். புகையிலைக்கு இறங்கினான். தண்ணீருக்கு இறங்கினான். புல்லின் குணத்தைப் பற்றி உதவியாளர்களுக்கு நீளமாக எடுத்துச் சொன்னான்.

"வீட்டுக்காரரே, கை வலிக்குதா?" என்று மேலிருந்து குரல் கொடுப்பான். "பாத்துப் பிடிங்க! லேசா சாஞ்சாலும் சொல்லிருங்க, அழறதுக்கு ஆள் ரெடியா இருக்கு!"

"காளையும் ரெடி!" என்றான் இன்னொருவன்.

அதைவிடக் கொடுமை, அவரால் நகர முடியாது என்பதை ஊர் கண்டுகொண்டது. இத்தனை வருஷமாக அவரோடு பேச ஆசைப்பட்டுத் தலையசைப்போடு போனவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்தார்கள். முக்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்கள். ஒருவன் தன் நிலத் தகராறை முதலிலிருந்து சொன்னான். அக்கேலோ தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். வலது முடிந்ததும் இடதுக்கு வந்தாள். "எண்ணெய் தேச்சுப் பாத்தியா?" என்று ரபூடோவின் வாயிலிருந்து வந்துவிட்டது. அவரே திடுக்கிட்டார். அக்கேலோ முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்ததும் வேலையாட்களுக்கும் பெரியவருக்கும் நிழலில் ஊகாலிக் களியும் மீனும் வைத்தார்கள். அபூட்டோ முதுகைக் காட்டி உட்கார்ந்து மும்முரமாகச் சாப்பிட்டார். ஒலாங் மட்டும் பசியை ஒத்திப் போட்டுவிட்டுக் கூரையில் இருந்தான். அபோண்டி ஒரு குவளைத் தேநீரோடு ரபூடோவிடம் வந்தாள். அவருடைய இரண்டு கையும் கழியில் இருந்தன, விரல்கள் வெளுத்திருந்தன.

அவள் குவளையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அபூட்டோவின் முதுகைப் பார்த்தாள். குவளையை மண்ணில் வைத்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் கழியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

பெண் கையில் ஒசூரி. அப்படி ஒன்றை ரபூடோ பார்த்ததில்லை. அபூட்டோ திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ரபூடோ இரண்டடி தள்ளி, அக்கேலோ விட்டுப் போன முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மேலே ஒலாங்கின் கண் விரிந்தது. ஆனால் கட்டுகிற கயிற்றின் ஒரு முனை அவன் பல்லில் இருந்தது, மறுமுனை இரண்டு கையிலும். வாயைத் திறந்தால் காலையிலிருந்து கட்டியது அத்தனையும் சரிந்து வரும்.

ரபூடோ ஒரு மிடறு குடித்தார். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. அபோண்டி உதட்டை இறுக்கி, கழியை நெஞ்சோடு அணைத்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றாள். ஏதாவது பேசினால் பெரியவர் திரும்பிவிடுவார். வாய் திறக்க முடியாத அபோண்டியை ரபூடோ இத்தனை அருகில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்த அமைதியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. இரண்டாவது மிடறையும் குடித்தார்.

"சக்கரை கொஞ்சம் கம்மி" என்றார் தணிந்த குரலில்.

அபோண்டியின் கண்கள் கோபத்தில் உருண்டன. பதில் சொல்ல வழியில்லை.

"ஆலையில இருந்தப்போ ஒரு தடவ," என்று ரபூடோ, குவளையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஆரம்பித்தார்.